நம் அணி எது?

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது முன்னோர் மொழி. சென்ற ஜூலை மாதத்தில் எங்கள் வகுப்பு இரண்டுபட்டபோது யாருக்குக் கொண்டாட்டம் என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. நாங்களும் மகிழவில்லை, பாடம் நடத்த வந்த ஆசிரியையும் மகிழவில்லை. நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதி, அதனால் எங்கள் மனத்தில் எழுந்த கருத்தையும் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். தவறு இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

கிரிக்கெட்டில் அதிக நாட்டமில்லாத அருட்சகோதரியருக்கும் தாய்மாருக்கும் முதலில் ஒரு சிறு விளக்கம். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் 20 ஓவர் கிரிக்கெட் தொடர் 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. இதில் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயர். கொரோனாவினால் 2020-இல் மட்டும் தொடர் நடைபெறவில்லை. 2024-இல் நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய திண்டுக்கல் டிராகன்ஸ், கோவை அணியை வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. அணித்தலைவர் அசுவின் அந்த இறுதி ஆட்டத்தில் 52 ரன்கள் எடுத்தார். மறு ஆண்டும் திண்டுக்கல் இறுதிக்கு வந்தது. எதிரே நின்றது திருப்பூர் தமிழன்ஸ். ஆட்டம் நடக்கவிருந்த இடமோ நம் மாவட்டத்திலேயே, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். நாள் 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை.

போதாதா? சனிக்கிழமை சிறப்பு வகுப்பு தொடங்குமுன்னரே போர் முரசு கொட்டிவிட்டது. பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் எல்லாம் ஒரு பக்கம். விடுதியில் தங்கிப் படிக்கும் திருப்பூர், உடுமலைத் தோழியர் மூவர் மறுபக்கம்.

"திண்டுக்கல் பூட்டை உங்களால் திறக்க முடியுமா?" என்றாள் ஒருத்தி.

"பனியன் போட்டுப் பயிற்சி எடுக்கிறவர்கள் எல்லாம் எங்களுக்குக் கடன்பட்டவர்கள்" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு எழுந்தது. பின்னர் வாதம் சூடு பிடித்தது. "சென்ற ஆண்டுக் கோப்பை யார் கையில்? அசுவினின் மூளைக்கு ஈடு உண்டா? சொந்த மைதானம் வேறு!" என்றோம் நாங்கள். அவர்களோ, "ஜூன் 8-ஆம் நாள் கோவையில் நீங்கள் 9 விக்கெட் வித்தியாசத்தில் எங்களிடம் தோற்றதை மறந்தீர்களா? சாய் கிஷோரின் சுழலை மறந்தீர்களா? துஷார் ரஹேஜாவின் மட்டையை மறந்தீர்களா?" என்று அடுக்கினார்கள். உண்மையைச் சொன்னால் எண்ணிக்கையில் நாங்கள் மிகுதி. ஆதாரத்தில் அவர்கள் மிகுதி.

இதுவரை நடந்தது நல்ல வாதமே. கணக்குப் பாடத்தில் சோர்ந்து கிடப்பவள்கூட ரன் விகிதத்தை மனத்திலேயே போட்டுச் சொன்னாள். வாய் திறவாத பூம்பாறைத் தோழி அன்றுதான் முதன்முதலாக நான்கு பேர் நடுவில் எழுந்து பேசினாள். இப்படிப்பட்ட வாதம் அறிவுக்கு உரம் என்றே சொல்வோம்.

ஆனால் ஆதாரம் தீர்ந்த இடத்தில் ஆத்திரம் தொடங்கிற்று. எங்களில் ஒருத்தி, உடுமலைத் தோழியைப் பார்த்து, "எங்கள் மாவட்டத்துக்கு வந்து படித்துக்கொண்டு, எங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, எங்களுக்கு எதிராகவா கை தட்டுகிறாய்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் ஒருத்தி, ஆயினும் சுற்றி நின்று சிரித்தவர்கள் நாங்கள் அனைவரும். அன்று நண்பகல் அந்தத் தோழி எங்களோடு அமர்ந்து உண்ணவில்லை. மறுபுறம் திரும்பி, மூடுபனி கவிந்த சன்னலைப் பார்த்தபடியே உண்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு யாவரும் அறிந்ததே. திருப்பூர் 5 விக்கெட்டுக்கு 220 ரன்கள் குவித்தது. திண்டுக்கல் 102 ரன்களுக்குள் சுருண்டது. 118 ரன் வித்தியாசம்! பூட்டு மட்டுமன்று, கதவே கழன்றுவிட்டது. திங்களன்று காலையில் அந்த உடுமலைத் தோழி என்ன சொல்லப் போகிறாளோ என்று தலைகுனிந்து காத்திருந்தோம். அவள் வந்தாள்; பையை வைத்தாள்; "இன்றைக்கு மழை வருமா?" என்று மட்டும் கேட்டாள். எந்தக் கேலியும் இவ்வளவு சுட்டிருக்காது.

அன்று தொடங்கி நாங்கள் கூடிக்கூடிப் பேசியதில் இரண்டு எண்ணங்கள் தெளிவாயின.

முதலாவது, "எங்கள் மாவட்டம்" என்று மார்தட்டினோமே, அது என்ன? எங்களில் ஒருத்தியின் அப்பத்தா இன்றும் "நாம் மதுரை ஜில்லாக்காரர்கள்" என்றுதான் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கொடைக்கானலும் பழநியும் 1985 செப்டம்பர் 15 வரை மதுரை மாவட்டத்தையே சேர்ந்திருந்தன. அன்றுதான் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. 2018-இல் மதுரையும் திண்டுக்கல்லும் இறுதி ஆட்டத்தில் மோதியபோது, அந்த வீட்டில் அப்பத்தா ஒரு கட்சி, பேத்தி ஒரு கட்சி. மதுரை 7 விக்கெட்டில் வென்றது. அப்பத்தா அன்று பால் பாயசம் வைத்தாராம், பேத்திக்கும் சேர்த்து! உடுமலையும் அப்படித்தான். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை அது கோவை மாவட்டத்தில் இருந்தது. அணிகளும் அவ்வாறே. இன்றைய திருப்பூர் அணி 2019 வரை காரைக்குடியின் பெயரில் ஆடிய அணி. நம் "திண்டுக்கல் சிங்கம்" அசுவினோ சென்னையில் பிறந்து வளர்ந்தவர்! ஏடுகளில் மாறக்கூடிய ஒரு கோட்டை வைத்து, ஒரே பெஞ்சில் அமரும் தோழியை அயலாள் ஆக்கினோமே, இது எத்துணைப் பேதைமை!

அணியை நேசிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊர்ப்பற்று இல்லாத ஆட்டம் உப்பில்லாப் பண்டம். உப்பு அளவோடு இருக்கட்டும் என்றே சொல்கிறோம்.

இரண்டாவது எண்ணமே எங்களைப் பெரிதும் உலுக்கியது. அதற்கு வித்திட்டவர் எங்கள் விளையாட்டு ஆசிரியை. திங்களன்று மாலை எங்கள் வாட்டமான முகங்களைப் பார்த்து, "சனிக்கிழமை யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டார். "ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை அல்லவா, மிஸ்?" என்றோம். "நான் கேட்பது சனிக்கிழமை" என்றார். வகுப்பு முழுவதும் விழித்தது.

ஜூலை 5, சனிக்கிழமை. நாங்கள் தொண்டை வறள வாதிட்ட அதே நாள். தாய்லாந்து நாட்டின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி, தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். அந்த வெற்றியால், தகுதிச் சுற்றில் போராடி வென்று ஆசியக் கோப்பைக்குள் முதன்முறையாக நம் பெண்கள் நுழைந்தார்கள். பெண்கள் பள்ளியில் படிக்கும் எங்களில் ஒருத்திக்குக்கூட அது தெரியவில்லை!

ஆசிரியை அதோடு விடவில்லை. "சரி, நம் பக்கத்து மதுரையிலிருந்து இந்தியச் சாம்பியன் ஆன அணி எது?" என்றார். அதற்கும் மௌனம். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. பெண்கள் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்று முதன்முறை சாம்பியன் ஆனார்கள். 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் அப்பட்டத்தைப் பெற்றார்கள். இவ்வணிகளில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். பந்து உதைத்த அதே காலால், 2020 ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் நின்று காவல் பணி செய்தவர்.

சேது அணியிலும் வெளிமாநிலத்தார் உண்டு, நேபாளத்தார்கூட உண்டு. ஆகவே ஊர்ப்பெயர் வாதம் இங்கும் செல்லாது. எங்கள் மனத்தைக் குத்தியது வேறு. அவர்கள் வென்றபோது இங்கே எந்தப் பெஞ்சும் இரண்டுபடவில்லை. எவரும் பந்தயம் கட்டவில்லை. எந்த அப்பத்தாவும் பாயசம் வைக்கவில்லை. ஒருவரைப் பற்றி வாதிடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை அல்லவா? "அவர் நன்றாக ஆடுவார், இவர் சொதப்புவார்" என்று நாலு பேர் சண்டையிட்டால்தான் அந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த மரியாதையை ஆடவருக்கு அள்ளி வழங்கும் நாங்கள், எங்களைப் போன்ற பெண்களுக்குக் கிள்ளிக்கூடத் தரவில்லை.

"இப்போது காலம் மாறிவிட்டதே" என்று சிலர் கூறலாம். மெய்தான். 2025 நவம்பர் 2-ஆம் நாள் நவி மும்பையில், ஹர்மன்பிரீத் கவுர் தலைமையிலான நம் பெண்கள் தென் ஆப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று கிரிக்கெட் உலகக் கோப்பையைக் கொணர்ந்தனர். மறுநாள் எங்கள் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. மகிழ்ச்சி! ஆனால் கோப்பை வந்தபின் கை தட்டுவது எளிது. கோப்பை வருமுன் வாதிட்டவர் எத்தனை பேர்? கனிந்த பழத்துக்கு ஆயிரம் பேர். நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர்.

தண்ணீர் ஊற்றினால் என்ன விளையும் என்பதற்கு அயர்லாந்தைச் சொல்வார் எங்கள் ஆசிரியை. 1842-இல் சென்னைக்கு வந்து பெண்கல்விக்கு விளக்கேற்றிய பிரசன்டேஷன் சபைச் சகோதரியரின் நாடு அது. அங்கே கேலிக் கால்பந்து என்றோர் ஆட்டம். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். அணிக்கு 15 பேர். மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டி. ஆடுவோருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலோர் தம் சொந்த மாவட்டத்துக்கே ஆடுகிறார்கள். போட்டிக்கு முன் ஊரெல்லாம் வாதம், நம் வகுப்பைப் போலவே. பெண்களின் ஆட்டத்துக்கு அங்கு 1974-இல்தான் சங்கம் தோன்றியது. 45 ஆண்டுகள் கழித்து, 2019-இல் டப்ளினும் கால்வேயும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தைக் காண மைதானத்துக்கு வந்தவர்கள் 56,114 பேர்! அத்தனை பேரும் ஒரே நாளில் முளைத்தவர்கள் அல்லர். மகள் ஆடுவதைப் பார்க்க முதலில் ஒரு தாய் வந்திருப்பார்; பிறகு தந்தை வந்திருப்பார்; பிறகு பக்கத்து வீடு வந்திருக்கும்.

எனவே, பணிவுடன் சில வேண்டுகோள்கள்.

அன்புள்ள பெற்றோரே! மலையில் சமதளம் அரிது. மழையும் பனியும் மிகுதி. மாலைப் பேருந்தை விட்டால் வீடு சேர்வது கடினம். உங்கள் அச்சம் எங்களுக்குத் தெரியும். ஆயினும் வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், எங்களை மைதானத்தில் விடுங்கள். அண்ணன் தம்பியர் ஆட்டத்துக்குப் போகும்போது "பார்த்துப் போய் வா" என்கிறீர்கள், எங்களிடம் "எதற்கு?" என்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். இயன்றால் நீங்களும் வந்து வேலியோரம் நில்லுங்கள்.

அன்புக்குரிய சகோதரியரே! காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும்போது, பெண்கள் ஆட்டத்தின் முடிவு ஒன்றையும் வாசிக்க அனுமதி தாருங்கள். விடுதியில் தொலைக்காட்சி காட்டும் மாலைகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள்.

தோழியரே! நமக்கு நாமே ஒரு விதி செய்துகொள்வோம். ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுவோம். ஆளின் ஊரையும் சோற்றையும் தொடமாட்டோம். தொட்டவள் வாதத்தில் தோற்றவள்.

வாசகர் கேட்கக்கூடும்: அந்த உடுமலைத் தோழி என்ன ஆனாள்? மன்னிப்புக் கேட்டோம். "அதை அன்றே மறந்துவிட்டேன்" என்றாள். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சொல்லால் வந்த வடு ஆற நாளாகும். இப்போது இல்லங்களுக்கிடையிலான கால்பந்தில் எங்கள் இல்லத்துக்கு அவளே கோல் காப்பவள். சென்ற வாரம் சேற்றில் விழுந்து புரண்டு ஒரு பந்தைத் தடுத்தாள். எழுந்து சீருடையைத் துடைத்துக்கொண்டே, "திண்டுக்கல் பூட்டு எப்படி?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள். அன்று சிரித்த சிரிப்பில்தான் எங்கள் வகுப்பு மீண்டும் ஒன்றாயிற்று.

வாதம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் யாரை முன்வரிசையில் நிறுத்துவது என்று இப்போதும் பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டைதான். இம்முறை நாங்கள் வாதிடுவது எங்களைப் பற்றியே. நம் அணி எது என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுவே: யாருக்காகத் தொண்டை வறளக் கத்துகிறோமோ அது மட்டுமன்று, யாரோடு சேற்றில் இறங்குகிறோமோ அதுவே நம் அணி.