மெய்க்கீர்த்தி கலைக்களஞ்சியமாகாது

தமிழ் விக்கிப்பீடியாவிலே இணைய உலாவி நிறுவனம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என முன்மொழிவோர் ஒரு சாரார். வணிக நிறுவனங்களுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் ஏது எனச் சினப்போர் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது துணிபு. நிறுவனத்தைப் பற்றி எழுதுவதென்றால் அதனைப் போற்றி எழுதுவதே என முன்னவர் கருதுகின்றனர். பின்னவரும் அவ்வாறே கருதி, ஆதலின் அது வேண்டா என்கின்றனர். போற்றாமலும் தூற்றாமலும் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதலாம் என்னும் எண்ணம் இருவரிடத்தும் இல்லை.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். 1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயருடன் தோன்றி, 2009 இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் தமிழ்நாட்டை நிலைக்களமாகக் கொண்டது. அது 2023 மே மாதத்தில் ‘உலா’ என்னும் உலாவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் இந்திய அரசு உள்நாட்டு உலாவி ஒன்றை ஆக்குதற்குப் போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வெளியானபோது உலாவே முதற்பரிசாகிய 1 கோடி ரூபாவைப் பெற்றது. பெயரோ நற்றமிழ்ப் பெயர். சிற்றிலக்கிய வகை ஒன்றின் பெயருமாம். எம்மனோர்க்கு இவ்வளவு போதாதா? தமிழன் ஆக்கிய உலாவி, அன்னியர் பிடியினின்றும் விடுவிக்க வந்த உலாவி என்றெல்லாம் எழுதுகோல்கள் துள்ளத் தொடங்கிவிட்டன.

ஆக்கியவர் எவர் என்னும் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. உலா, கூகிள் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட குரோமியம் என்னும் திறந்த மூல அடித்தளத்தின் மீது கட்டப்பட்டது. குரோமியத்திலே பக்கங்களை வரைந்து காட்டும் பொறி பிளிங்க் எனப்படும். அது 2013 இல் வெப்கிற் என்னும் பொறியினின்றும் பிரிந்தது. வெப்கிற்றோ, அப்பிள் நிறுவனத்தார் 2003 இல் வெளியிட்ட தமது சபாரி உலாவிக்கென வளர்த்தது. அதற்கும் மூலம், தன்னார்வ நிரலாளர் பலர் கூடிய கேடிஈ என்னும் குழுவினர் முன்னரே எழுதி வைத்திருந்த பொறியாம். இதனை எடுத்துரைப்பது ஸோஹோவுக்கு இழுக்கன்று. பெருஞ்செல்வம் படைத்த மைக்குரோசொவ்ற் நிறுவனத்தின் எட்ஜ் உலாவியே 2020 தொட்டு இதே அடித்தளத்தின் மீதுதான் நிற்கின்றது. ஆயினும் இந்தக் கால்வழியைச் சொல்லாது விடுகின்ற கட்டுரை கலைக்களஞ்சியக் கட்டுரையாகாது.

கந்தளாயைச் சார்ந்தோர்க்கு இவ்வகைச் சிக்கல் புதியதன்று. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன் யார்? கோணேசர் கல்வெட்டு முதலாய திருகோணமலை மரபு நூல்கள் குளக்கோட்டன் என்னும். பாளி வரலாற்று நூலின் கூற்றைக் கொண்டு இரண்டாம் அக்கபோதியின் பணி என்பர் ஆய்வாளர். பிரித்தானியரும் பின்னர் அதனைத் திருத்தினர். ஒருவன் கட்டியதை இன்னொருவன் உயர்த்தினான். உயர்த்தியவன் புகழைக் கட்டியவன் புகழாகப் பாடினர் அவனவன் புலவர். கோணேசர் கல்வெட்டு என்பது பெயரிற் கல்வெட்டேயன்றிக் கல்லில் வெட்டியதன்று என்பதனை முதலாண்டு மாணவனும் அறிவான். அவ்வறிவு உலாவியைப் பற்றி எழுதும்போது மட்டும் எங்கே ஒளிந்துகொள்கின்றது?

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் சாசனங்களின் தலைப்பில் மெய்க்கீர்த்தி நின்றது. வென்ற நாடுகள் அதில் உண்டு; தோற்ற களம் ஒன்றும் இராது. அதற்காக வரலாற்றாசிரியன் மெய்க்கீர்த்தியை வீசியெறிவதில்லை. இராசேந்திரன் ஈழத்தரசரின் முடியையும் தேவியரின் முடியையும் கவர்ந்தான் எனச் சோழர் சாசனம் பெருமிதத்தோடு கூறும். அதே செய்தியைச் சூளவம்சம் கொள்ளை எனக் கசப்போடு கூறும். பகைவனும் ஒப்புக்கொண்டமையால் அது வரலாறாயிற்று. நிறுவனம் தன்னைப் பற்றி வெளியிடும் செய்திக் குறிப்பு இக்காலத்து மெய்க்கீர்த்தி. ‘பயனர் தரவை விற்பதில்லை’ என்பது அதன் கூற்று. அக்கூற்றைச் சோதித்துப் பார்த்த வேறொருவன் கூறும் வரை அது கூற்றாக மட்டுமே நிற்கும். விக்கிப்பீடியா வேண்டுவதும் இதுவேயாம். சார்பற்ற, நம்பத்தக்க வெளியீடுகள் அந்நிறுவனத்தைப் பற்றி விரிவாக எழுதியிருத்தல் வேண்டும். நிறுவனத்தின் வலைத்தளமும் விளம்பரமும் அதற்குப் போதா. கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படுத்தல் வேண்டும் என்பது 2014 தொட்டு விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியில் ஏறியுள்ளது.

விதி இருந்தும் மீறல் நிகழ்ந்தது. 2015 ஓகத்தில் ஆங்கில விக்கிப்பீடியர் 381 கணக்குகளை ஒருங்கே முடக்கினர். சிறு நிறுவனத்தார் முன்மொழிந்து ஏற்கப்படாத கட்டுரைகளைத் தேடி எடுத்து, பணம் தந்தால் ஏற்றித் தருவோம் எனவும், ஏற்றியபின் அதனைக் காப்பதற்கும் பணம் வேண்டும் எனவும் கேட்ட கூட்டம் அது. முன்மொழிவு என்பது எவ்வளவு விலைமதிப்புள்ள பண்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழுக்கு நேர்ந்தது வேறு வகையானது. 2009 ஆம் ஆண்டளவிலே கூகிள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் இடுவித்தது. தமிழ்ப் பக்கங்கள் பெருகும், தன் மொழிபெயர்ப்புப் பொறிக்குத் தரவும் பெருகும் என்பது அதன் கணக்கு. எவற்றை மொழிபெயர்ப்பது என்பதைத் தமிழர் தேவை தீர்மானிக்கவில்லை. மொழியோ ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டிலே தமிழ்ச் சொற்களை மாட்டியது போன்றிருந்தது. தன்னார்வத்தால் எழுதிவந்த தமிழ் விக்கிப்பீடியர் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. குறைகளைத் தொகுத்து, 2010 இல் போலந்து நாட்டின் குடான்ஸ்க் நகரிற் கூடிய விக்கிமேனியா மாநாட்டிலே எடுத்துரைத்தனர். உலகப் பெருநிறுவனத்தின் கொடையைத் தரம் பார்த்து வாங்குவோம் எனச் சொல்லிய அத்துணிவு, ‘நம்மவர்’ நிறுவனத்தின் முன் மட்டும் தளர வேண்டுவதில்லை.

இனி, நிறுவனமே வேண்டா என்போர்க்கு ஒரு சொல். 1902 இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தையும், 1910 இல் ஆ. சிங்காரவேலு முதலியார் அபிதான சிந்தாமணியையும் வெளிப்படுத்தினர். புராணத்து அரசரும் முனிவரும் புலவரும் அவற்றிலே நிரம்பினர். அது அக்காலத்துத் தேவை. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராய் நின்று 1954 தொட்டு 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவேற்றிய கலைக்களஞ்சியம் அறிவியலையும் தொழிலையும் தமிழுக்குள் கொணர்ந்தது. இன்று ஒரு மாணவன் எதை வாசிப்பான், எத்தேடுபொறி அவன் முன் முதலில் விரியும் என்பதைத் தீர்மானிப்பதிற் பெரும் பங்கு உலாவி நிறுவனத்துக்கு உண்டு. 1995 ஓகத்து 9 ஆம் நாள் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் பங்கு 28 டொலருக்கு வெளியாகி 58.25 டொலரில் அன்றைய வாணிபத்தை முடித்தது. சில ஆண்டுகளில் அது மைக்குரோசொவ்ற்றிடம் சந்தையை இழந்தது. 1998 இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கிலே இரு தரத்தாரும் சத்தியஞ் செய்து சொன்னவை ஏட்டில் ஏறின. அந்நிறுவனம் மறைந்துபோயினும் அதனைப் பற்றிய கட்டுரை உறுதியாக நிற்பதற்கு அவ்வேடுகளே அடிப்படை. கூகிளின் குரோம் உலாவியைப் பிரித்து விற்பிக்க வேண்டும் என 2024 இல் அமெரிக்க அரசு கேட்டதும், 2025 செப்டெம்பரில் நீதிமன்றம் அதற்கு இணங்காததும் இவ்வகைச் செய்திகளே. இவற்றை எழுதாது விடுவது தூய்மையன்று, இருளில் இருத்தலாகும்.

ஆயின் சான்று வேண்டும் என்னும் விதியிலே ஒரு கூர்முனை உண்டு. அச்சேறியதே சான்று எனின், அச்சேற்ற வல்லானுக்கே இடம். நிறுவனத்துக்குச் செய்தியாளரை அழைத்து விருந்தளிக்க இயலும். 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அன்று வீடிழந்த கமக்காரனின் வாய்மொழி அச்சேறாவிடின் கலைக்களஞ்சியத்துக்கு அது இல்லாத ஒன்றே. ஒரே விதி இருவர்க்கும். பளுவோ ஒருவர்க்கு மட்டும். இதற்காக விதியைத் தளர்த்துவோம் என்பார் உளர். தளர்த்தினால் முதலில் நுழைபவன் கமக்காரன் அல்லன், விளம்பரக்காரனே.

ஆகவே குற்றம் சாட்டவேண்டிய இடம் பல்கலைக்கழகமாம். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாகாது என எம் விரிவுரையாளர் மாணவரைக் கண்டிக்கின்றனர். கண்டிப்பு முறையே. ஆனால் விக்கிப்பீடியா மேற்கோள் காட்டத்தக்க தமிழ்க் கட்டுரையை அவருள் எத்துணைப்பேர் எழுதினர்? கணினித் துறையினர் ஆங்கிலத்தில் எழுதுவர். தமிழ்த் துறையினர் உலா என்றால் மூவருலாவோடு நின்றுவிடுவர். உலாவியின் தனியுரிமைக் கூற்றைச் சோதித்து, எந்தத் தரவு எங்கே செல்கின்றது எனக் கண்டு, அதனைத் தமிழிலே வெளியிடுதற்கு ஆய்வுகூடமும் மாணவரும் உள்ள இடம் பல்கலைக்கழகமன்றி வேறு யாது? அத்தகைய ஓர் ஆய்வு இதழில் வெளிவருமாயின் முன்மொழிவோன் விளம்பரத்தை நாடவேண்டுவதில்லை, மறுப்போன் கூச்சலிடவேண்டுவதுமில்லை. கந்தளாயின் முதியோரிடம் குளமுடைந்த நாளைக் கேட்டெழுதி வெளியிடுதற்கும் இதே இதழ்கள் போதும்.

அதுவரை முன்மொழிவோர்க்கு ஒரு தொடக்கம் தருகின்றோம்: ‘உலா என்பது ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட, குரோமியத்தின் மீது கட்டப்பட்ட இணைய உலாவி.’ இதிலே தமிழனும் இல்லை, வெற்றியும் இல்லை. இரண்டாம் வாக்கியத்தை எழுத விரும்புவோர் அதற்குரிய சான்றைக் கையிற் கொண்டு வருக.