கணக்கின் பின்னே ஒரு சித்திரம்

கல்லூரிகள் திறந்து சில வாரங்கள் சென்றதும், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிப் பெற்றோர் பலர் ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம்: "பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, கல்லூரிக் கணிதம் புரியவில்லை என்கிறானே!"

அன்பார்ந்த பெற்றோரே, அது அறிவுக் குறைவன்று. பள்ளியில் விடை காண்பதே வேலை. கல்லூரியிலோ விடை உண்டா, உண்டாயின் எத்தனை, ஏன் என்பவையே வினாக்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2 நோட்டும் 3 பேனாவும் 90 ரூபாய். 1 நோட்டும் 1 பேனாவும் 40 ரூபாய். நோட்டு 30, பேனா 10 என நாம் கண்டுவிடுகிறோம். இவ்விரு செய்திகளையும் வரைபடத்தாளில் வரைந்தால் இரண்டு நேர்கோடுகள் கிடைக்கும். அவை வெட்டும் புள்ளியே விடை. இரண்டாவது செய்தி, '4 நோட்டும் 6 பேனாவும் 180 ரூபாய்' என்றிருந்தால்? அது முதற்செய்தியின் இரட்டிப்பே. புதிதாக எதையும் கூறவில்லை. ஒரு கோட்டின்மேல் மற்றொன்று படிந்துவிடும். விலையைத் தீர்மானிக்க இயலாது. அதுவே 200 ரூபாய் என்றிருந்தால், தண்டவாளங்களைப்போல அக்கோடுகள் சந்திப்பதே இல்லை, விடையே கிடையாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அணிக்கோவை இதைத்தான் அறிவிக்கிறது. 2×6 − 3×4 = 0; பூச்சியம் வந்தால் கோடுகள் ஒரே திசையில் செல்கின்றன என்று பொருள். அணிகளையும் வெக்டர்களையும் ஆராயும் நேரியல் இயற்கணிதம், எண்களுக்குப் பின்னே நிற்கும் இச்சித்திரத்தைக் காணும் கலையேயாகும்.

பாடத்திட்டத்திற்கு அப்பால் கணிதத்தைக் காணும்படி மாணவரைத் தூண்டியவர்களுள், இயேசு சபைத் துறவி சார்லஸ் ராசீன் அடிகளார் முதன்மையானவர். பாரிசில் எலீ கார்த்தான் என்னும் வடிவியல் மேதையிடம் பயின்ற அவர், 1937-இல் இந்தியா வந்தார். 1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியில் கற்பித்தார். அவருடைய விரிவுரைகள் தேர்வுக்கு ஏற்ற குறிப்புகளாக அமையவில்லை என்பர். ஆயினும் புதிய கணித நூல்களை மாணவருக்கு அறிமுகம் செய்து, சிறந்தவர்களைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற்குச் செல்லுமாறு ஊக்கினார்.

அவ்வாறு 1953-இல் அங்குச் சேர்ந்தவர்களே, செங்கற்பட்டில் பள்ளிக் கல்வி பயின்ற சி. எஸ். சேஷாத்திரியும், எம். எஸ். நரசிம்மனும். 1965-இல் அவ்விருவரும் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ் பெற்றது. ஒரு வளைபரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியைப் பொருத்தினால் அமையும் வடிவங்களை அது அணிகளோடு இணைத்தது. முதலாண்டு மாணவனை அச்சுறுத்தும் அதே அணிகளும் வெக்டர்களுமே அங்கும் நிற்கின்றன!

சேஷாத்திரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளியே சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்தது. 2005 முதல் நம் தென்புறநகரான சிறுசேரியில் அது இயங்குகிறது. பட்ட வகுப்பு மாணவரும் அங்குப் பயில்கின்றனர். அவர் 2020-இல் காலமானார். ஓர் ஆசிரியர் இலயோலாவில் ஏற்றிய விளக்கு இன்றும் எரிகிறது.

ஆகவே, முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று பிள்ளையைக் கடிந்து, படிப்பை மாற்றிவிட முனைய வேண்டாம். "எத்தனை மார்க்கு?" என்பதற்கு முன், "இந்தக் கணக்குக்குப் படம் வரைந்து காட்டு, பார்ப்போம்" என்று கேளுங்கள். நமக்கு விளங்கும்படி வரைந்து காட்ட முயலும்போதே, பிள்ளைக்கும் அது விளங்கத் தொடங்கும்.