கடல் மூடிய காடும் 2054ஆம் ஆண்டும்

வேல்சின் மேற்குக் கரையில் இருக்கும் போர்த் கடற்கரையில் வழக்கமாக மணல்தான் கண்ணில் படும். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீசிய குளிர்காலப் புயல்கள் அந்த மணலை வாரிச் சென்றபோது, அடியில் கிடந்த காட்டின் பெரும்பகுதி வெளியே தெரிந்தது. ஓக், பைன், பர்ச் மரங்களின் அடிக்கட்டைகள் முளைத்த இடத்திலேயே வேரோடு நின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 4,500 முதல் 6,000 ஆண்டுகள்.

அவை இவ்வளவு காலம் அழுகாமல் இருந்ததற்குக் காரணம் ‘பீட்’ எனப்படும் கருமண். முழுமையாக மக்காத தாவரங்கள் சேர்ந்து உருவாகும் இந்த ஈர மண்ணுக்குள் உயிர்வாயு எளிதில் புகாது.

இந்தக் காட்டை அழித்தது ஒரே நாளில் வந்த பேரலை அன்று. கடல் மட்டம் உயர உயர, நிலத்தடி நீரும் உயர்ந்தது. நீர் வடியாமல் காடு சதுப்பானது, மரங்கள் பட்டுப்போயின. கடல் அதற்குப் பிறகுதான் மூடியது. சேற்றைக் கடக்க அங்கு வாழ்ந்த மக்கள் மரக்கிளைகளால் பாதை அமைத்த தடயமும் கிடைத்துள்ளது.

“கடல் மட்டம் அன்றும் உயர்ந்ததே, இன்று மட்டும் ஏன் இத்தனை கவலை?” என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பதில் அதே கரையில், சற்று வடக்கே இருக்கும் ஃபேர்போர்ன் கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள கடல் தடுப்புகளை 2054 வரைதான் பராமரிக்க முடியும் என்ற திட்டம் 2014ல் பரவலாகத் தெரியவந்தது. வீடுகளின் விலை சரிந்தது. வாங்க நினைத்தவர்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமானது. தண்ணீர் வரும் முன்பே மக்களின் சேமிப்பு கரையத் தொடங்கிவிட்டது.

அன்றைய மக்கள் மேட்டுநிலம் தேடிச் செல்ல முடிந்தது. இன்று வீடும் கடனும் வேலையும் பள்ளியும் ஓரிடத்தில் நம்மைக் கட்டிப்போடுகின்றன. காரணமும் வேறு. பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியது இயற்கை. இப்போதைய உயர்வுக்கு முக்கியக் காரணம் நாம் வெளியேற்றும் கரிம வாயு. 2006க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருந்த வேகத்தைவிட இது இரு மடங்குக்கும் அதிகம்.

போர்த் பகுதியில் ஒரு பழங்கதை உண்டு. குடிபோதையில் இருந்த காவலர் மதகுகளை மூட மறந்ததால் ஒரு நாடே கடலில் மூழ்கியதாம். கதையில் பழி ஒருவர்மீது விழுகிறது. இன்று மதகைக் காக்கும் பொறுப்பு எல்லாருக்கும் இருக்கிறது.

சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. வாயு வெளியேற்றம் குறையாவிட்டால் 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கணிக்கப்பட்டுள்ளது. கரையைக் காக்க அடுத்த நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார்.

2054ல் இன்றைய மாணவர்களுக்கு ஐம்பது வயதுகூட நிறைந்திருக்காது. ஃபேர்போர்ன் மக்களின் கேள்வி, அன்று நம் கேள்வியாகவும் இருக்கலாம்.