படிக்காதவன் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நான் ஒன்ராறியோவில் ஒரு பட்டறையில் அலுமாரி செய்கிறவன். பெட்டியில் வாங்கிப் பூட்டுகிற அலுமாரி இல்லை. வீட்டுக்கு வீடு அளவெடுத்துச் செய்கிற குசினி, புத்தக அலுமாரி, சாமியறை அலுமாரி. இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஏன் தம்பி, படிக்கேல்லையோ?"

படித்தேன். ஒன்ராறியோவில் இந்தத் தொழிலுக்கான பயிற்சி ஏறக்குறைய 8,000 மணித்தியாலம். அதில் 720 வகுப்பறையில், மிச்சம் பட்டறையில், சம்பளத்தோடு. முடிவில் ஒரு சோதனை. 70 வீதம் எடுத்தால் ரெட் சீல். மாகாணம் மாறினாலும் மதிக்கப்படுகிற தகுதி அது.

மரம் வெட்டின பிறகும் அசையும். கோடையில் ஈரத்தை இழுத்து அகலத்தில் வீங்கும், மாரியில் ஹீட்டர் போட்டதும் சுருங்கும். அதனால்தான் கதவின் நடுப்பலகையை ஒட்டிவிடாமல், சட்டத்தில் வெட்டின காடிக்குள் அசைய இடம்விட்டு வைக்கிறோம். ஒட்டினால் பலகை வெடிக்கும். வீட்டுச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பவும் ஏலாது. அதன் வளைவைப் பலகையில் கீறி, அந்தக் கோட்டுக்குச் சீவ வேண்டும். கணினி மெஷின் பலகையை அச்சொட்டாக வெட்டித் தரும். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்க்காது. இதெல்லாம் படிப்பில்லை என்றால் எது படிப்பு?

சம்பளத்தை நினைத்துத்தான் கேட்கிறோம் என்பார்கள். நான் நம்பவில்லை. அலுவலகத்தில் என்னிலும் குறையச் சம்பளம் எடுக்கிறவரிடம் யாரும் "படிக்கேல்லையோ" என்று கேட்பதில்லை. உண்மைக் காரணம் வேறு. ஊரில் தச்சுவேலை ஒரு சாதிக்கு ஒதுக்கப்பட்ட வேலை. "அது எங்கட ஆக்கள் செய்யிற வேலை இல்லை" என்ற வசனம் விமானம் ஏறி வந்து, இங்கே "பிள்ளையின்ர எதிர்காலம்" என்று பெயரை மாற்றிக்கொண்டது.

கோயில் தேரைக் கும்பிடுகிறோம். தேர் செய்த குடும்பத்தில் சம்பந்தம் பேசுவோமா? புதுக் குசினிக்குப் பல்லாயிரம் டொலர் கொடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் லாச்சியை இழுத்துக் காட்டுகிறோம். செய்தவர் வெள்ளைக்காரர் என்றால் "நல்ல கைவேலைக்காரன்". எங்கள் பிள்ளை என்றால் "பாவம், படிப்பு ஏறேல்லை".

வேலை சுகமானது என்று சொல்லவில்லை. மரத்தூள் புற்றுநோயைக்கூடக் கொண்டுவரும், முகக்கவசம் கட்டாயம். வாளுக்கு முன்னால் கவனம் தப்பினால் விரல் போகும். இவற்றைச் சொல்லி வேண்டாம் என்றால் இருந்து கேட்பேன். மரியாதையைச் சொல்லி வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன்.

தம்பி தங்கச்சிமாரே, பல்கலைக்கழகம் விருப்பம் என்றால் போங்கள். ஆனால் மரவேலை பிடித்திருந்தும் பயந்து விடாதீர்கள். ஒன்ராறியோவில் 11, 12ஆம் வகுப்பிலேயே பயிலுநராகத் தொடங்க வழி இருக்கிறது. பள்ளிக்கூட வழிகாட்டல் ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் மறித்தால், ஏன் என்று கேளுங்கள். "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்று பதில் வந்தால், எந்த ஆக்கள், ஏன் சொல்லுவினம் என்று இன்னொருதரம் கேளுங்கள். பதில் வரும்வரைக்கும் விடாதீர்கள்.