துவளும் பிள்ளை

கைக்குழந்தையைத் தூக்கும்போது அதுவும் நம்மைப் பற்றிக்கொள்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பற்றுதல் இல்லாத குழந்தையை ஏந்தியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். அக்குளில் கை கொடுத்து எடுத்தால் நழுவுகிறது. படுக்க வைத்தால் கால்கள் தவளைக் கால்கள்போல் அகன்று விழுகின்றன. "பரம சாது, அழக்கூட அழாது" என்று பார்க்க வந்தவர்கள் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். தாயின் மனம் மட்டும் சமாதானம் அடைவதில்லை.

வைத்தியர்கள் இதைத் தசை முறுக்குக் குறைவு என்கிறார்கள். நாம் ஓய்ந்து படுத்திருக்கும்போதுகூட நம் தசைகள் முற்றும் தளர்ந்துவிடுவதில்லை. மூளையும் தண்டுவடமும் இடைவிடாமல் அனுப்பும் கட்டளையினால், சுருதி கூட்டிய வீணைத் தந்திபோல ஓரளவு முறுக்கோடே இருக்கின்றன. முறுக்கு வேறு, பலம் வேறு. பிறவியிலேயே குறைந்த முறுக்கைப் பயிற்சியினால் பெரிதும் மாற்ற முடியாது. பலத்தை வளர்க்கலாம், உடலை நிமிர்த்தி நிறுத்தும் பழக்கத்தை வளர்க்கலாம். இந்த வித்தியாசம் தெரியாத வீடுகளில்தான் மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, "இன்னும் துவளத்தானே செய்கிறது!" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு முன் காரணம் தெரிந்தாக வேண்டும். துவளுதல் ஓர் அறிகுறியே தவிர, நோயின் பெயரன்று. தைராய்டுச் சுரப்பியின் குறை காரணமானால், பிறந்த சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் மூளையின் வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். தண்டுவடத் தசைச் சிதைவு என்னும் கொடிய நோய்க்கு நெடுங்காலம் மருந்தே இல்லை. 2016-ஆம் ஆண்டின் இறுதியில்தான் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்குப் பலன். "எங்கள் வம்சத்தில் எல்லோருமே தாமதமாகத்தான் நடந்தோம்" என்று பாட்டி சொல்வது அன்பினால்தான். ஆயினும் அந்த வார்த்தையை நம்பி ஆறு மாதம் காத்திருப்பது குழந்தைக்குச் செய்யும் துரோகம். பால் உறிஞ்சத் திணறினாலும், மூச்சுக்குச் சிரமப்பட்டாலும், முன்பு செய்ததை இப்போது செய்யாமற்போனாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

நமது சிநேகிதர் ஒருவருடைய பேத்தி டவுன் நோய்க்குறியோடு பிறந்தவள். இருபத்தோராவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே இதற்குக் காரணம் என்பது 1959-இல் பாரிஸில் வெளியாயிற்று. பெற்றவள் உண்டதும் உறங்கியதும் காரணமல்ல. இதை அந்த வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைக்கவே சில மாதங்கள் ஆயின.

அவர்களுக்கு வாய்த்த பிஸியோதெரபிஸ்ட் கெட்டிக்காரி. குழந்தைக்குக் கற்பித்ததைவிடத் தாய்க்குக் கற்பித்ததே அதிகம். வாரத்தில் அரைமணி நேரம் அவர் கையிலே; மற்ற நேரமெல்லாம் வீட்டார் கையிலே அல்லவா? நேரே தூக்காமல் பக்கவாட்டில் புரட்டி, இடுப்பையும் முதுகையும் தாங்கி எடுக்கச் சொன்னார். அகலும் தொடைகளுக்கு இரு பக்கமும் சுருட்டிய துணியை அணை கொடுக்கச் சொன்னார். விழித்திருக்கும்போது, ஒருவர் பக்கத்தில் இருந்துகொண்டு, மார்புக்கடியில் துண்டுச் சுருள் வைத்துக் குப்புறப் போட வேண்டும். தூங்குவது எப்போதும் மல்லாந்துதான். முதல் நாள் மூன்று விநாடி தலையை நிமிர்த்தி, கன்னத்தைத் தரையில் வைத்து அழுதுவிட்டதாம். ஒரே மூச்சில் இருபது நிமிஷம் வருத்துவதைவிட, நாளில் பல தடவை இரண்டிரண்டு நிமிஷம் செய்வது மேல். சிநேகிதரோ இன்னும் சுலபமான வழி கண்டார். சாய்வு நாற்காலியில் சாய்ந்து பேத்தியை மார்பின்மேல் குப்புறக் கிடத்திக்கொண்டு பத்திரிகையை உரக்க வாசிப்பார். தலையங்கம் முடிவதற்குள் அவள் பத்துத் தடவை தலையைத் தூக்கித் தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

நமது வழக்கங்கள் சிலவற்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்ப்பதில் குற்றமில்லை. ஆனால் குளிப்பாட்டுகிறவள் கை கால்களை இழுத்து முறுக்குவதும், கழுத்தைச் சொடுக்குவதும் கூடவே கூடாது. இக்குழந்தைகளின் மூட்டுகள் நெகிழ்ந்தவை. டவுன் குழந்தைக்குக் கழுத்தெலும்பின் மூட்டும் அப்படியே. தூளியும் ஏற்றதன்று; முதுகு வளைந்து, மோவாய் மார்பில் படிந்து, மூச்சுக்கே இடைஞ்சலாகும். கெட்டியான பாய் போதும். குழந்தையை உள்ளே உட்கார வைத்து ஓடவிடும் வாக்கரைக் கானடா தேசம் 2004-இல் விற்கவே தடை செய்துவிட்டது. நமது பழைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு ஜாதி; அதற்குக் குழந்தை தானே எழுந்து நின்று தள்ள வேண்டும். வைத்தியர் சம்மதித்த பிறகு அதைக் கொடுக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பருவங்களுக்கு மாதக் கணக்குச் சொல்லுவோம். ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம். சப்பாணி ஒன்பதாம் மாதம். வருகை பதின்மூன்றாம் மாதம். உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசத்துக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கோ இன்னும் தாராளமானது. ஆரோக்கியமான குழந்தைகளே தனியாக நடக்கத் தொடங்கியது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. டவுன் குழந்தைக்குச் சராசரியாக இரண்டு வயது ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். அடுத்த வீட்டுக் குழந்தை எப்போது தவழ்ந்தது என்ற விசாரணையை நிறுத்திவிட்டு, சென்ற மாதம் இதே குழந்தை என்ன செய்தது என்று தாய் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைப்பது நல்லது. வைத்தியருக்கும் அது உதவும்.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டு வரும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இத்தகைய குழந்தைகளைப் பரிசோதித்து, பயிற்சியும் செலவின்றி அளிக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சிநேகிதரின் பேத்திக்கு இப்போது மூன்று வயது. மாடிப்படி ஏறுவதுதான் இந்த மாதத்துப் பாடம். கைப்பிடிச் சுவர் எட்டவில்லை என்று, அவள் உயரத்துக்கு ஒரு மூங்கிற் கழியைக் கட்டி வைத்திருக்கிறார் தாத்தா.