குறை ரேடியோவில் இல்லை, கம்பியில்!



எங்க தாத்தாவின் சிற்றலை ரேடியோவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதில் அவர் தினமும் பி.பி.சி. தமிழோசை கேட்பாராம். 1941-இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ரேடியோவில் நின்றுவிட்டது. அதன்பிறகு தாத்தா அதைத் தொடவே இல்லை. "எல்லா ஸ்டேஷனும் போயிடுச்சு பாப்பா, இரைச்சல்தான் வருது" என்பார். எல்லாம் போகவில்லை, நாம்தான் சரியாகக் கேட்கவில்லை என்பது என் கருத்து.

ரேடியோ அலைக்கும் ஒளியின் வேகம்தான், நொடிக்கு 30 கோடி மீட்டர். 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 96 லட்சம் அலைகள். வகுத்துப் பாருங்கள், ஓர் அலையின் நீளம் சுமார் 31 மீட்டர் வரும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 15 மீட்டர் கம்பி போதும்.

மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பியைக் கேட்டு வாங்கினேன். ஏழரை மீட்டராக இரண்டு துண்டு. நடுவில் இரண்டும் தொடாதபடி ஒடிந்த பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டினேன். எனாமலைப் பிளேடால் சுரண்டி, அங்கிருந்து இரட்டை வயரை வீட்டுக்குள் இறக்கினேன். ஒரு வயர் ரேடியோ ஏரியலில், மற்றது பேட்டரியின் மைனஸ் முனையில். ரேடியோ பேட்டரியில் மட்டும்தான் ஓட வேண்டும்.

சீனா நமக்கு வடகிழக்கே இருக்கிறது. அதனால் கம்பியின் முனையை அந்தப் பக்கம் நீட்டிக் கட்டினேன். சத்தம் முனகலாக வந்தது. அப்புறம்தான் புரிந்தது: கம்பி முனையால் கேட்காது, பக்கவாட்டில்தான் கேட்கும். நம் முகத்துக்கு இரண்டு பக்கமும் காது இருப்பது மாதிரி! வடமேற்கு - தென்கிழக்காக மாற்றிக் கட்டினேன். சீன நிலையம் தெளிவாக வந்தது. வடமேற்கிலிருந்து வந்த அரபு நிலையம் மங்கிவிட்டது. தாத்தா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரம்பலூர், அரியலூர் மாடிகளில் துருப்பிடித்து நிற்கும் பழைய டி.வி. ஆண்டெனாவை நம் அப்பாக்கள் திருப்பித் திருப்பி வைத்ததும் இதற்காகத்தான். திசை தெரிந்தால்தான் படம் தெரியும்.

"செல்போனில் எல்லாம் வருதே, இது எதுக்கு?" என்று அண்ணன் கேட்டான். வரும். ஆனால் செல்போன் எப்போதும் அவன் கையில்தான் இருக்கிறது! ரீசார்ஜ் முடிந்தால் அதுவும் இல்லை. இந்தக் கம்பி நானே அளந்து, நானே கட்டியது. "பொட்டப்புள்ளைக்கு மாடியில என்ன வேலை?" என்ற அம்மாவும் இப்போது, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை" என்கிறார்.

இரண்டு எச்சரிக்கை. மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. மழை இருட்டி வருவதற்கு முன்பே வயரைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இடி இடிக்கத் தொடங்கினால் அதைத் தொடக்கூடாது.

நம் பள்ளி வேப்பமரத்துக்கும் மாடிச் சுவருக்கும் நடுவே ஒரு கம்பி கட்டலாம். அலைநீளமும் திசையும் புத்தகத்தில் படிப்பதைவிடக் காதால் கேட்டால் மறக்காது. கட்டும் வேலையை மாணவிகளுக்கும் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியர் அனுமதித்தால் ரேடியோவை நான் கொண்டு வருகிறேன். தாத்தா சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டுமாம்!



- ஒன்பதாம் வகுப்பு மாணவி