குவார்ட்டர்ஸ் பிரவுசர்

போன மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். மாமா 32 வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ரிட்டையரானதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்திரா நகரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டார். (குவார்ட்டர்ஸ் என்றதும் வேறு ஏதாவது ஞாபகம் வருகிறவர்களுக்கு: கம்பெனி தரும் வீடு.)

"போன்ல இந்த ஃபாரம் திறக்க மாட்டேங்குதுப்பா, என்னன்னு பாரு" என்றார்.

"வேற பிரவுசர்ல திறந்து பார்த்தீங்களா மாமா?"

"வேறன்னா? அது ஒண்ணுதானே இருக்கு, கூகுள்."

"அதுக்குப் பேர் குரோம். ஏன் அதை வச்சிருக்கீங்க?"

"நான் எங்கே வச்சேன்? வாங்கும்போதே இருந்துச்சு."

மனிதர்கள் ஏன் ஒரு பிரவுசரை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வேகம், பாதுகாப்பு, மெமரி குறைவாகத் தின்பது என்று காரணங்களை அடுக்குகிறார்கள். "குரோமை உருவாக்கியதில் சுந்தர் பிச்சைக்குப் பெரிய பங்கு உண்டு சார், நம்ம மதுரையில் பிறந்தவர்" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையான காரணம் மாமா சொன்னதுதான். வாங்கும்போதே இருந்தது. நாம் பிரவுசரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது நமக்கு ஒதுக்கீடு செய்யப்படுகிறது, நெய்வேலியில் இத்தனாவது வட்டத்தில் இன்ன வீடு என்று ஆர்டர் வருகிற மாதிரி.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1994-ல் நெட்ஸ்கேப் வந்தது. இன்டர்நெட் என்றாலே அதுதான் என்றிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சில வருஷங்களில் நெட்ஸ்கேப் காலி. அமெரிக்க அரசு 1998-ல் வழக்குப் போட்டது. வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது, சமரசமும் ஆனது. நெட்ஸ்கேப் மட்டும் பிழைக்கவில்லை. போட்டி ஒழிந்ததும் ஜெயித்தவர் என்ன செய்தார்? தூங்கினார். 2001-ல் எக்ஸ்ப்ளோரர் 6 வெளியானது. ஏழாவது பதிப்பு வந்தது 2006-ல். 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் வந்து உலுக்கியிருக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தூங்கியிருப்பார்கள்.

இதில் தமிழன் பட்ட பாடு தனி. 2000-களின் தொடக்கத்தில் நெட்டில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட், தளத்துக்கு ஒரு எழுத்து முறை. ஃபான்ட்டைத் தனியாக இறக்கும் தொல்லை வேண்டாம் என்று, பக்கத்தோடு தானாக வந்து இறங்கும் 'டைனமிக் ஃபான்ட்' வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் வகை டைனமிக் ஃபான்ட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் வேலை செய்யும். அதே பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால், பூச்சி பூச்சியாக ஐரோப்பிய எழுத்துகள். திருக்குறள்கூடப் பிரெஞ்சுக்காரன் திட்டுவது போலத் தெரியும். ஃபான்ட்டைத் தேடி நிறுவ வேண்டும், அல்லது எக்ஸ்ப்ளோரருக்கே திரும்ப வேண்டும். தாய்மொழியில் செய்தி படிக்க எந்த பிரவுசர் வேண்டும் என்பதை அமெரிக்காவில் ஒரு கம்பெனி முடிவு செய்தது. நாமும் "எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் நன்றாகத் தெரியும்" என்று முகப்பில் பெருமையாக எழுதி வைத்தோம். யூனிகோடு பரவிய பிறகுதான் விமோசனம். தமிழக அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-ல். நம்மை அப்படி ஆட்டிவைத்த எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

"அதெல்லாம் பழங்கதை. இப்போ எதுவா இருந்தா என்ன, வேலை நடக்குதே?" என்பீர்கள்.

'வாங்கும்போதே இருப்பது' என்பதன் விலை தெரியுமா? ஆப்பிளின் சஃபாரியில் கூகுள் தேடலே முதலில் இருப்பதற்காக, 2022-ல் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். அமெரிக்க வழக்கில் வெளியான கணக்கு இது. நாம் நாமாகவே மாற்றிக்கொள்வோம் என்றால் எந்த மடையன் இவ்வளவு கொட்டிக் கொடுப்பான்? நம் சோம்பேறித்தனத்துக்கு அவர்கள் கொடுக்கிற வாடகை அது. நம் ஊர் போட்டி ஆணையமும், ஆண்ட்ராய்டு போன்களில் தன் சரக்குகளை முன்கூட்டியே ஏற்ற வைத்ததற்காகவும் இன்ன பிற காரணங்களுக்காகவும், 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337 கோடியே 76 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை நான் குறை சொல்லவில்லை. அகலமான ரோடு, மரம், தண்ணீர், கரண்ட் எல்லாம் உண்டு. ஆனால் கொல்லையில் கொய்யா வைத்தவருக்கும் தெரியும், வீடு நம்முடையதில்லை என்று. விதியை எழுதுகிறவர் வீட்டுக்காரர். குரோமிலும் அதுதான் நடந்தது. விளம்பரங்களைத் தடுக்க 'யுபிளாக் ஆரிஜின்' என்ற இலவசத் துணைநிரலைக் கோடிக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்கள். குரோம் 2024-25-ல் விதியை மாற்றியது, அதற்கு இடமில்லாமல் போயிற்று. பாதுகாப்புக்காகத்தான் என்கிறது கூகுள். இருக்கலாம். கூகுளின் வருமானத்தில் பெரும் பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் துணைநிரல் இன்றும் ஓடுகிறது, போனிலும்.

சரி, மாறலாம் என்றால் எங்கே மாறுவது? மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ், 2020 முதல் உள்ளே குரோமின் அதே குரோமியம் என்ஜின்தான். ஸோஹோ 2023-ல் அழகான தமிழ்ப் பெயரோடு 'உலா' கொண்டுவந்தது. மத்திய அரசின் உள்நாட்டு பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்கியது. சந்தோஷம், அந்தரங்கத்தைக் காப்பதில் அக்கறை காட்டுகிறது. ஆனால் அதுவும் குரோமியத்தின் மேல் கட்டியதுதான். போர்டு வேறு, சமையல்கட்டு ஒன்று. எல்லோரும் ஒரே சமையல்கட்டை நம்பினால், தளம் கட்டுகிறவனும் அதில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்துவான். மறுபடி பூச்சி பூச்சியாகத் தெரிகிற காலம்தான்.

ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து, 'எந்த பிரவுசர் வேண்டும்?' என்று போனே பட்டியல் காட்டிக் கேட்க வேண்டும் என்பது சட்டம். சின்னச் சின்ன பிரவுசர்களை இறக்குகிறவர்கள் கூடினார்கள் என்று செய்தி வந்தது. ஆக, கேட்டால் ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாமாவின் போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதே ஃபாரத்தைத் திறந்தேன். 'தயவுசெய்து குரோமில் பார்க்கவும்' என்றது அந்த அலுவலகத்தின் தளம். இருபது வருஷத்துக்கு முந்தைய அதே போர்டு, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நேரில் போய்க் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊருக்குக் கிளம்பும்போது கேட்டேன், "ஃபயர்ஃபாக்ஸை எடுத்துடவா மாமா?"

"இருக்கட்டும்ப்பா. பேப்பர் படிக்கிறப்போ விளம்பரம் குறுக்கே வந்து விழ மாட்டேங்குது. அதோட, இது நாமளா வச்சது."

குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வர அவருக்கு 32 வருஷம் ஆயிற்று. இதற்கு ஆனது பத்து நிமிஷம்.